மச்சான் அனுப்பிய ஆயில் பம்ப்

பிரியத்துக்குரிய தெவிதா மச்சான் அவர்களுக்கு,

பிஜியின் நத்தேவா விரிகுடாக் கரையிலிருந்து அப்பிசாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள், பன்றிகள், லாரி, எல்லோரும் சுகம். பிரிஸ்பேன் குளிருக்கு உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் அனுப்பிய ஆயில் பம்ப் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்; நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் லம்பாசா பாட்டுப் போட்டிக்குப் போகும் வழியில் தண்ணீர் கொதித்து லாரி நின்று, உங்கள் தங்கை லித்தியாவும் சபைப் பாடகர் குழுப் பெண்கள் இருபது பேரும் மழையில் மரங்களுக்குப் பாடிக் காட்டிவிட்டுத் திரும்பினார்களே, அதை அவள் இன்னும் மறக்கவில்லை. இந்த வருஷப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. மெக்கானிக் இசோவா இஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பம்ப் போச்சுப்பா. ஆயில் மேல ஏறல. இப்படியே ஓட்டுனா இஞ்சின் இறுகிடும்" என்றான். லித்தியா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இந்த வருஷமும் நின்னுச்சு, நான் எங்கண்ணன் வீட்டுக்கே போயிடுவேன், பாத்துக்க." உங்கள் நிம்மதியை நினைத்துத்தான் உடனே உங்களுக்கு எழுதினேன்.

பெட்டி வந்த அன்று ஊரே கூடிவிட்டது. பம்பைப் பாயில் வைத்து, யங்கோனா வேரை இடித்துப் பானமாகக் கரைத்து, இரண்டு மணி நேரம் அதற்கு வரவேற்புரை. ஐந்தாவது கிண்ணத்தில் என் சித்தப்பா மகன் நெத்தானி தொண்டையைச் செருமினான். அவனுடையதும் இதே ரக லாரி. பம்ப் உடைந்து மூன்று மாதமாகக் கிடக்கிறது. சொந்தக்காரன் ஒருவன் கெரெக்கெரே என்று கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல நம் ஆட்களில் எவனுக்கு வாய் வரும்? நல்லவேளை, லித்தியா முந்திக்கொண்டாள். "கெரெக்கெரே, அந்தப் பம்பை எனக்குக் குடு!" கொடுத்தேன். அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். நெத்தானிக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப அந்தப் பழசையாவது குடேன்" என்றான். உதவாத சாமானை, தாராளப் பிரபு மாதிரி கொடுத்தேன்.

இசோவா டைமிங் பெல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள ஆயில் தொட்டியை இறக்கி, இரண்டு நாள் லாரிக்கு அடியிலேயே கிடந்தான். பம்புக்குள் வாஸ்லின் அடைத்து மாட்டினால்தான் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்குமாம்; லித்தியா தன் டப்பாவை அப்படியே கொடுத்தாள். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்தது. லம்பாசா போனோம், வந்தோம், இரண்டாம் பரிசு! அவள் பாடும்போது நான் அழுதேன், மச்சான். திரும்பும்போது என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

உங்கள் வீட்டின் மேலும் மூட்டுகளின் மேலும் கர்த்தருடைய கரம் தங்கியிருப்பதாக.

நன்றி மறவாத,
அப்பிசாய்

பி.கு.: கப்பல் வராததால் கடிதம் இங்கேயே கிடந்தது. இதற்குள் நெத்தானி பழைய பம்பைத் தன் லாரியில் மாட்டி, சேப்பங்கிழங்கு மூட்டைகளோடு ஜோராக மலையேறுகிறான். நேற்று எங்கள் விளக்கு மறுபடி எரிந்தது. இசோவா வந்து விளக்குக்குப் போகும் ஒயரை இழுத்து விலக்கினான், அணைந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்தே அந்த ஒயர்தான் இஞ்சினில் உரசிக்கொண்டிருந்ததாம்; பம்ப் மாற்றும்போது தானாகக் கொஞ்சம் விலகியிருக்கிறது. பழைய பம்புக்கு ஒன்றுமே இல்லையாம். பயந்து பயந்து லித்தியாவிடம் சொன்னேன். "அதனால என்ன? எங்கண்ணன் பம்ப் வரலைன்னா நீ லாரியைத் தொட்டிருப்பியா?" என்றாள்.

தொட்டிருக்கவே மாட்டேன், மச்சான்.