கப்பலுக்குப் போகாத பிள்ளை

தையல்காரர் வெள்ளை யூனிபாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன அன்றுதான் ஜெபசீலன் கப்பல் வேலைக்குப் போகமாட்டேன் என்றான்.

ஜெபகனி டீச்சர் அப்போது மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஏம்ல?”

“நீங்க தனியா எப்படிம்மா இருப்பிய?”

புளித் தண்ணீருக்குள் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்று பையன்களையும் மிஷன் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் ஒற்றையாளாக வளர்த்தவள் அவள். கடைசிப் பிள்ளை ஜெபசீலன் நடை பழகும் முன்பே கணவர் இறந்துவிட்டார். மூத்தவன் தேவதாசன் பிலாய் உருக்காலைக்குப் போனபோது, ரயில் புறப்படுவதற்கு முன்பே எதிர் இருக்கைக்காரரோடு பேச்சில் மூழ்கிவிட்டான். அடுத்தவன் சுந்தரராஜ் மதுரை மில்லுக்குப் போனான். ஊறுகாய் பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா என்பதுதான் அவன் கடைசியாகக் கேட்ட கேள்வி. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான் போகவேண்டும் என்று அவளே மற்றவர்களுக்குச் சொல்வாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுவாள்.

இப்போது ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டான். அன்று அவனைத் திட்டினாள். பாலிடெக்னிக்கில் படித்ததெல்லாம் எதற்கு, கோவிலில் உனக்காக ஜெபம் பண்ணினார்களே, நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் கேட்டாள். ஆனால் சாப்பாடு போடும்போது, தனக்கென்று வைத்திருந்த மீன் துண்டையும் அவன் தட்டிலேயே வைத்தாள்.

செய்தி பரவியது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று சபை ஐயர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நிறுத்திச் சொன்னார். பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்கக் கேட்க இனிப்பாக இருந்தது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. ஒருநாள் முழங்காலிட்டு, ‘ஆண்டவரே, என் மகனை நல்லபடியாக அனுப்பி வையும்’ என்று ஜெபித்துக்கொண்டிருந்தவள், தன் வாய் மட்டுமே அதைக் கேட்கிறது, மனம் கேட்கவில்லை என்று உணர்ந்தாள். சட்டென்று எழுந்துவிட்டாள். கம்பெனிக்காரர்கள் ஈஸ்டர் கழிந்து இன்னொரு கப்பலில் இடம் தருவதாக எழுதியிருந்தார்கள். அதையும் விட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். அதற்குள் அவனை அனுப்பியாக வேண்டும்.

தனியாக இருப்பதுதானே குறை? பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஜெபசெல்வி என்ற நாசரேத் ஊர்ப் பெண்ணை முன்னறையில் குடிவைத்தாள். ஜெபசெல்விக்குப் பல்லி என்றால் ஆகாது. அந்த வீட்டில் பல்லிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தடவை அவள் அலறும்போதும் ஜெபசீலன் விளக்குமாற்றோடு ஓட வேண்டியிருந்தது.

“முன்னால ஒருத்தர் தனியா இருப்பாங்களேன்னு கவலைப்பட்டேன்” என்றான் அவன். “இப்ப ரெண்டு பேர விட்டுட்டு எப்படிம்மா போக?”

சரி, தனக்கு யார் துணையும் வேண்டாம், உடம்பில் வலு இருக்கிறது என்று காட்டிவிடலாம் என்று நினைத்தாள். அவன் பார்க்கும்படி கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். குடத்தை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். பாசியில் கால் வழுக்கிக் கணுக்கால் வீங்கிக்கொண்டது. எதிர்வீட்டுச் சிவனாண்டி ஓடிவந்து, ஜெபசீலனோடு சேர்ந்து அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணி ஒன்றில் அவர் தண்டல். தோணியை நடத்துகிறவரே அவர்தான். ஆனாலும் டீச்சரிடம் பேசும்போது மட்டும் தலைத்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார். கிளம்பும்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெபசீலன் அவர் தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி வந்து, அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவினான். “பாத்தியளா?” என்றான்.

அவன் படும் பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. காலையில் வெளியே போகிறவன் பொழுது சாயத்தான் வருவான். கடற்கரையில் அவனைப் பார்த்ததாகத் தெருவில் சொன்னார்கள். போக முடியாத கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாவம் என்று அவள் நினைத்தாள். முகம் வெளிறி, கண் உள்ளே போய் வருவான். சோற்றைப் பிசைந்துவிட்டு, ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். நாளாக ஆகக் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது.

கடைசியில் கடினமாகப் பேசிப் பார்த்தாள்.

“நீ இங்கன இருக்கதுதாம்ல எனக்குத் தொந்தரவு. உனக்குச் சமைச்சுப் போட்டு எனக்கு அலுத்துட்டு. போயேன்.”

அவன் நிமிராமல் தட்டை எடுத்துக் கழுவி வைத்தான். மறுநாளிலிருந்து சமையலும் அவனே செய்தான். சோறு குழைந்தது, குழம்பில் உப்பு கரித்தது. ஜெபசெல்வி கேன்டீனில் சாப்பிட ஆரம்பித்தாள். ஜெபகனி மட்டும் அதைச் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்திலும், தான் உயிரோடு இந்த வீட்டில் இருக்கும்வரை இவன் போகமாட்டான் என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது.

ஆகவே அவளே போவதென்று முடிவு செய்தாள்.

மதுரைக்கு எழுதினாள். சுந்தரராஜ் வரச்சொல்லிப் பதில் போட்டான். எத்தனை நாளைக்கு என்று மருமகள் மட்டும் அடியில் அன்போடு விசாரித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று அழுதன. வீட்டை ஜெபசெல்வியிடமும் அவளோடு வந்து தங்கப்போகும் இன்னொரு டீச்சரிடமும் ஒப்படைத்தாள். இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் ஜெபசீலனிடம் சொன்னாள்.

அவன் திடுக்கிட்டுப் போனான். “எதுக்கும்மா இவ்வளவு? கொஞ்ச நாள் பொறுத்தா...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“பொறுத்தா நான் சின்னப் பிள்ளையாயிருவேனால?” என்றாள். “நான் உங்க அண்ணன்கூட இருப்பேன். நீ நிம்மதியாப் போ.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீரை மறைக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குச் சிவனாண்டிதான் பெட்டியைத் தூக்கிவந்து உள்ளே வைத்தார். ஜெபசீலன் குடிதண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கூட்டத்துக்கு நடுவே தெரிந்த அவன் முதுகையே அவள் பார்த்தாள். மூன்று பேரில் இவன் ஒருவன்தான் என்னை விட்டுப் போக முடியாமல் தவித்தவன் என்று நினைத்துக்கொண்டாள். இதுவரை இதே ஸ்டேஷனில் அவள் வெளியே நின்றுதான் கையசைத்திருக்கிறாள். உள்ளே உட்கார்ந்து போகிறவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று முதல்முறையாக யோசித்தாள். மூத்தவன்மீதும் அடுத்தவன்மீதும் மனதின் மூலையில் கிடந்த வருத்தம் அப்போது கொஞ்சம் கரைந்தது.

வண்டி அசைந்தது. ஜெபசீலன் தண்ணீர் பாட்டிலோடு தூரத்திலிருந்து ஓடிவந்தான். சிவனாண்டி ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

“இனி அவனுக்கு ஒரு தடையும் இல்ல சிவனாண்டி” என்றாள் ஜெபகனி. “என்னால இத்தன நாள் கஷ்டப்பட்டுட்டான். நல்லபடியாக் கப்பலேத்தி விட்டுருங்க.”

“அதெல்லாம் ஏறிருவான், கவலைப்படாதிய டீச்சரம்மா. இப்பல்லாம் நம்ம தோணியில வந்தா ஒரே ஒரு தடவைதான் வாந்தி எடுக்கான். ‘கடல் ஒத்துக்கிடுத வரைக்கும் அம்மாவத்தான் சாக்குச் சொல்லிச் சமாளிக்கேன் அண்ணாச்சி’ன்னான், உங்ககிட்ட சொல்லியிருப்பாம்லா?”