புஷ்பத்தின் வெதுவெதுப்பான நாற்காலி

பிறர் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவோர் உண்டு. பிறர் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பொறாமைப்படுவோரும் உண்டு. நான் பொறாமைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து. அதற்கு ஒரு கை வேறு உடைந்திருந்தது.

அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அன்றன்று தயாரான தூளைச் சுவை பார்க்கும் அறையில் நான் புதிய உதவியாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் இடம் சன்னலோரம். அந்தச் சன்னல் சரியாகச் சாத்தாது. மூடுபனி கேட்காமலே உள்ளே வந்து மடியில் உட்காரும். எதிரே, அந்தக் கை உடைந்த நாற்காலியில், கூட வேலை செய்யும் புஷ்பம். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்பு.

நான் இரண்டு சுவெட்டர், குரங்குத் தொப்பி, அப்பாவின் காலுறை சகிதம் நடுங்குவேன். அவள் முந்தானையால் விசிறிக்கொள்வாள்.

"என்னா வேக்காடு புள்ள! நீ குடுத்து வச்சவ, காத்தோட்டமா இருக்க."

(அந்த வாயில் ஒரு கைப்பிடி மூடுபனியைத் திணிக்கலாம் போலிருக்கும்.)

தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் அந்த அறையில் பவுடர், பூ, வாசனை எண்ணெய் எதுவும் கூடாது. எனக்கும் தெரியும். ஆனால் யூகலிப்டஸ் தைலம் மருந்து. மருந்து எப்படி வாசனையாகும்? இந்தச் சட்ட நுணுக்கத்தோடு தினமும் நெஞ்சிலும் பாதத்திலும் தேய்த்துக்கொண்டு போனேன். சன்னல் காற்று சாட்சியத்தை அப்படியே வெளியே கொண்டுபோய்விட்டது.

ஒருநாள் புஷ்பம் தன் அம்மாவுக்குக் கண் காட்டப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். (அந்த அம்மா பின்னர் என் மாமியார் ஆவார் என்பது அன்று தெரியாது.)

நான் அவள் நாற்காலியில் போய் விழுந்தேன். முதுகில் சூடு ஏறியது. இத்தனை நாள் இவள் இதையா தனியாக அனுபவித்தாள் என்று வயிறும் எரிந்தது. உடம்பு முழுக்கக் கதகதப்பு. சூடு வீணாகாமல் கதவையும் சாத்தினேன். பக்கத்து மேசையில் மாதிரித் தூள் திறந்த தகரப் பேணிகளில் வரிசையாக இருந்தது. என்னோடு சேர்ந்து தைலமும் சூடேறுவதை என் மூக்கு சொல்லவில்லை. அதற்குத்தான் பழகிவிட்டதே.

தேயிலையின் தரத்துக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா வந்தார். அந்தத் தூளில் ஊற்றிய முதல் கோப்பையை உறிஞ்சினார். புருவம் உயர்ந்தது. இரண்டாவதில் கண் கலங்கியது. மூன்றாவதில் மூக்கைச் சிந்தினார்.

"என்னாம்மா இது? ரெண்டு நாளா மூக்கடைச்சிருந்த தடிமன் உட்டுப்போச்சு!"

பிறகு என் பக்கம் குனிந்து மோந்தார். "தைலமா?"

"மருந்துங்கய்யா."

"தேயிலைக்கு என்னா சீக்கு?"

மாதிரிகள் குப்பைக்குப் போயின. என் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதைவிட வலித்தது ஐயாவின் தீர்ப்பு: "இந்தப் புள்ள சன்னல்கிட்டயே இருக்கட்டும். அந்த நாக்காலி புஷ்பத்துக்குத்தான்."

பின்னர் வேலை நிரந்தரமானது. புஷ்பத்தின் அண்ணனையும் கட்டிக்கொண்டேன் (நாற்காலிக்காக அல்ல). ஞாயிறுதோறும் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். எங்கள் அடுப்பருகே ஒரே ஒரு பலகைதான். நான் தேத்தண்ணி ஊற்றித் திரும்புவதற்குள் அதில் உட்கார்ந்திருப்பாள். கோப்பையை வாங்கி, முகர்ந்து, எல்லோரும் திரும்பும் வரை காத்திருந்து கேட்பாள்:

"அண்ணி, இது குடிக்கிறதா, நெஞ்சில தேய்க்கிறதா?"

வீடே சிரிக்கும். நான் கதவோரம் நின்று சுவெட்டரின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொள்வேன்.