மக்டலீன் புதன்கிழமைகளில் போகும் இடம்

கெல்சென்கிர்ச்சன், யேர்மனி,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய டக்ளஸ் மச்சானுக்கு,

மடு மாதாவின் காவலில் நீங்களும் பிள்ளைகளும் குறையேதுமின்றி இருப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன், உங்கள் தங்கை மக்டலீனின் கணவன் மரியரட்ணம் எழுதிக்கொள்வது. நாங்களும் சுகம் என்று எழுதவே பேனையை எடுத்தேன். மிச்சத்தை வாசித்துவிட்டு அதை நீங்களே தீர்மானியுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், அதிலை ஒண்டு சொன்னால் கனடாவிலை இருக்கிற உங்கட சித்தி வரைக்கும் போய், அங்கையிருந்து திரும்பி மக்டலீனின்ரை போனுக்கே வந்து சேர்ந்திடும்.

விசயம் இதுதான். மகள் லவினியா ஆஹென் பட்டணத்துக்குப் படிக்கப் போன பிறகு எங்கட வீட்டிலை பிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடுறது. நான் பென்சன் எடுத்து வீட்டிலை இருக்கிறன். மக்டலீன் முதியோர் இல்லத்துக் குசினியிலை வேலை முடிச்சு வருவா, சாப்பாடு தருவா, யன்னலாலை பாத்துக்கொண்டு இருப்பா. என்ன எண்டு கேட்டால் ஒண்டுமில்லை எண்டுவா. நான் பகிடி விட்டாலும் அதே ஒண்டுமில்லைதான். இப்பிடி இருந்த மனிசி மாசியிலையிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் சாமான் வாங்கிற உருட்டுப் பையை இழுத்துக்கொண்டு வெளிக்கிடத் தொடங்கினா. "எங்கை போறீர்?" எண்டு கேட்டால், "இண்டைக்குப் புதன்கிழமையெல்லோ" எண்டுதான் பதில். நானும் மரக்கறிக்கு எண்டு நினைச்சன். ஆனால் திரும்பி வந்தால் பைக்குள்ளையிருந்து ஒரு வெங்காயமும் வெளியிலை வாறேல்லை. முகத்திலை மட்டும் ஏதோ வாங்கி வந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

பிறகு தமிழ்க்கடைச் சுபானி, நான் மிளகாய்த்தூள் எடுத்துக்கொண்டு நிக்கேக்கை, கடையிலை நிண்ட சனம் முழுக்கக் கேக்கத்தக்கதா, "அண்ணை, அக்காவைப் புதன்கிழமை மூலைப் பியர்க்கடைக்குள்ளை கண்டனான்" எண்டு சொல்லிப்போட்டா. நான் மிளகாய்த்தூளையும் வாங்காமல் வந்திட்டன். நேற்று அவவுக்குப் பின்னாலை போனன். அவ உள்ளுக்குப் போனதும் நான் வெறும்போத்தல் போடுற தொட்டிக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டன். எங்கட மேல்மாடிக் கிழவர் நாயோடை வந்து, இதிலை என்ன செய்யிறீர் எண்டு கேட்டார். பஸ்ஸுக்கு நிக்கிறன் எண்டன். இந்தத் தெருவாலை பஸ் வாறேல்லை எண்டு அவர் வடிவா விளங்கப்படுத்தி, பஸ் தரிப்பிடம் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போய், பஸ் வருமட்டும் பக்கத்திலையே நிண்டார். நான் ஏறி, அடுத்த தரிப்பிலை இறங்கி, நடந்து திரும்பி வந்தன்.

உள்ளுக்குப் போனால் மச்சான், குடிவெறியும் இல்லை, சண்டையும் இல்லை. வட்டமாக் கதிரை போட்டு இருந்து சனம் கிற்றார், மண்டலின், பாஞ்சோ எண்டு வாசிக்குது. அதுக்குள்ளை, உருட்டுப் பை காலடியிலை கிடக்க, நாடியிலை வயலினோடை, கண்ணை மூடிக்கொண்டு உங்கட தங்கச்சி. உங்கட அப்பா அவவுக்கு வயலின் பழக்கினவர் எண்டு பிறகுதான் அவ சொன்னா, கலியாணம் பேசேக்கை ஒருத்தரும் வாய் திறக்கேல்லையே. கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனனான். ஆனால் எல்லாரும் இருக்க நான் மட்டும் நிக்க வெக்கமாக் கிடந்துது. ஒரு கோலா வாங்கிக்கொண்டு, வெறுமையாக் கிடந்த ஒரே கதிரையிலை இருந்திட்டன். அது வட்டத்திலை இருந்த கதிரை எண்டது இருந்த பிறகுதான் விளங்கினது.

இது புளூகிராஸ் எண்டு அமெரிக்காவின்ரை மலைப்பக்கத்துப் பாட்டாம். புதன்கிழமையிலை ஆரும் வந்து சேரலாமாம். பக்கத்திலை கிற்றாரோடை இருந்தவர் காதுக்குள்ளை சொன்னார். பாஞ்சோ வாசிக்கிறவ கடைக்காரி யூலியா. அவ ஆரைப் பாத்துத் தலையாட்டுறாவோ அவர் தனிய வாசிக்க வேணும், மற்றவை சத்தத்தைக் குறைப்பினம். மக்டலீனைப் பாத்து ஆட்டினா. மக்டலீன் ஏலாது எண்டு குனிஞ்சிட்டா. "அந்தம்மா வந்த நாளிலையிருந்து இப்பிடித்தான், கூட்டத்தோடை மட்டும்தான் வாசிப்பா" எண்டார் பக்கத்து மனிசன். அதுக்குப் பிறகு யூலியா என்னைப் பாத்துத் தலையாட்டினா.

என்ரை கையிலை கோலாப் போத்தல் மட்டும். கிற்றாரெல்லாம் அடங்கிப்போச்சு. முழுச் சனமும் என்னைப் பாக்குது. அப்பதான் மக்டலீனும் குனிஞ்ச தலையை நிமித்தி என்னைக் கண்டா. அவவின்ரை முகம் வெளிறிப் போச்சு, என்ரை முகம் எப்பிடி இருந்ததெண்டு அவவுக்குத்தான் தெரியும். எழும்பி ஓடுவமோ எண்டு நான் நினைக்க முன்னம் வயலின் கேட்டுது. முதல் கொஞ்சம் நடுங்கினது. பிறகு மச்சான், எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்லை, வீட்டிலை ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு சொன்ன மனிசி அவ்வளவத்தையும் அங்கை சொன்னா. யூலியா பாஞ்சோவை மடியிலை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டுறதுக்குப் பதிலா மேசையிலை தட்டிச்சினம். நானும் தட்டினன், கோலா சரிஞ்சு காற்சட்டை முழுக்க ஊத்துப்பட்டுது.

வரேக்கை உருட்டுப் பையை நான்தான் இழுத்தன். வேலையாலை வரேக்கை ஒருநாள் அந்தப் பியர்க்கடை யன்னலாலை பாட்டுக் கேட்டுக் கால் நிண்டதாம், அடுத்த கிழமையே பழஞ்சாமான் சந்தையிலை வயலின் வாங்கி உருட்டுப் பைக்குள்ளை ஒளிச்சு வைச்சதாம்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் வாசிச்சுக் காட்டச் சொல்லுவியள். தனிய வாசிக்க எனக்குப் பயம்."

"இண்டைக்கு வாசிச்சீரே."

"நீங்கள் அதிலை முழிச்சுக்கொண்டு இருந்ததைப் பாக்க ஏலாமல் போச்சு" எண்டு சொல்லிச் சிரிச்சா. பிறகு வீடு வருமட்டும் கதைச்சா, வந்த பிறகும் கதைச்சா.

எண்டாலும் மச்சான், பியர்க்கடை பியர்க்கடைதானே. கோயில் சனம் என்ன சொல்லும்? ஆகையால் தமையன் என்ற முறையில் அவவுக்குக் கொஞ்சம் கடுமையாக ஒரு புத்திமதிக் கடிதம் எழுதிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

உங்கள் வீட்டில் நோயும் சண்டையும் அண்டாதிருக்க மாதா துணை நிற்பாராக. மச்சாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பணிவுள்ள மரியரட்ணம்

பி.கு.: முத்திரை வாங்கிறதுக்குள்ளை ஒரு கிழமை போட்டுது. மக்டலீன் கடிதத்தை வாசிச்சு, எழுத்துப் பிழையெல்லாம் திருத்தி, தபாலிலை போடுங்கோ எண்டு தந்திட்டா. புத்திமதி ஒண்டும் எழுத வேண்டாம். நேற்று யூலியா எனக்கு ஒரு கிற்றாரைத் தந்து, விரல் வைக்கிற இடம் காட்டினவ. விரலெல்லாம் நோகுது, இதுக்கு மேலை எழுத ஏலாது. புதன்கிழமையிலை மட்டும் ரெலிபோன் எடுக்காதேங்கோ, வீட்டிலை ஒருத்தரும் நிக்க மாட்டம்.