சேதுராமன் ஐயாவின் கைராசி

கடை வாடகையில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லி நிஷாந்தி கேட்டதும் கட்டடச் சொந்தக்காரர் சேதுராமன் ஐயாவின் முகம் சுருங்கிப்போனது.

"என்ன மகள் பேசுறீங்க? இந்தக் கடை திறந்த அன்னைக்கு முதல் போணி பண்ணினது யாரு? என் கைராசி பட்ட கடை படுத்துடுமா?"

"படுத்துத்தான் ஐயா கிடக்கு. மாசம் நாப்பதாயிரம் கட்டினா தையல் பிள்ளைக்குச் சம்பளம் குடுக்க ஏலாது. இப்படியே போனா கடையை மூடணும்."

"மூடுறதா? திங்கக்கிழமையில இருந்து நானே தினம் வந்து போணி பண்றேன்!"

நிஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணத்தைக் குறைக்கச் சொன்னால் ராசியைத் தருகிறாராம் மனுஷன்!

கண்டி, பேராதனை வீதியில் அவளுடையது பெண்களுக்குச் சாரி பிளவுஸ் தைக்கும் கடை. திங்கள் காலை வந்தவர் இருபது ரூபாய்க்கு ஊசி வாங்கினார். போனாரா? இல்லை. "ராசி இறங்க வேணாமா?" என்று வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அளவு கொடுக்க வந்த பெண்கள், பெரிய மீசையைக் கண்டதும் அப்படியே பஸ் ஏறிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை நிஷாந்தி கதிரையை உள்ளே நகர்த்தினாள். அது அளவெடுக்கும் திரைக்கு நேர் எதிரே அமைந்து தொலைந்தது. உள்ளே வந்த இரண்டு பேரும் வந்த வேகத்தில் திரும்பினார்கள்.

குடித்துவிட்டாவது கிளம்பட்டும் என்று புதன்கிழமை பிளேன் டீ கொடுத்தாள். வியாழக்கிழமை டீக்கு நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன அநியாயம் இது!

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஐயா, ராகு காலம் தொடங்குது. இந்த நேரத்துல கடையில இருந்தா உங்க ராசிக்குக் கூடாதே?"

"நல்லவேளை சொன்னீங்க!"

எழுந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டார். "பன்னெண்டு மணிக்குப் பிறகு வாங்கம்மா. இப்ப நேரம் சரியில்ல."

அவர் மறித்தது தெல்தோட்டையிலிருந்து வந்த கல்யாண வீட்டுக்காரர்களை. பதினாலு பிளவுஸ்! "கல்யாணத் துணியோட வந்தவங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று திட்டிவிட்டு எதிரே இருந்த தையல் கடைக்குள் நுழைந்தார்கள்.

நிஷாந்தி கத்தரிக்கோலை மேசையில் அடித்தாள்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! நீங்க ஒண்ணும் குறைக்க வேணாம். ஐயாயிரம் கூட்டியே தாறேன். இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க!"

சேதுராமன் ஐயாவின் கண் கலங்கியது. "மனசு வலிக்குது மகள். ஆனா உங்க சந்தோஷம்தான் எனக்கு முக்கியம்," என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து போன் ரிப்பேர் கடை ரஸீன் நானா எட்டிப் பார்த்தார். நிஷாந்தி ஐந்து நாள் கதையையும் கொட்டித் தீர்த்தாள்.

"அஞ்சு நாள் தாங்கினீங்களா, தங்கச்சி? போன வருசம் நான் மூணாம் நாளே வாடகையைக் கூட்டிக் குடுத்துட்டேன். அந்தா பாருங்க, இப்ப சலூன்ல போய்க் கதிரை கேட்டுக்கிட்டு நிக்கிறார்."