லினக்ஸ் மாப்பிள்ளையின் நேர்முகத் தேர்வு

லேப்டாப்பில் வீடியோ வழியாக நடக்கவிருந்த பத்து மணி நேர்முகத் தேர்வுக்கு இன்னும் பதினோரு நிமிடம்தான் பாக்கி. வைஃபை வந்தது. நான்கு கோடுகளும் நிமிர்ந்து நின்றன. மாப்பிள்ளை மூச்சு விடுவதற்குள் படுத்துவிட்டன.

மாமனார் வீட்டோடு இருக்கும் அவருக்கு 'லினக்ஸ் மாப்பிள்ளை' என்று பெயர். யார் லேப்டாப் கையில் அகப்பட்டாலும், உள்ளே இருக்கும் விண்டோஸை அழித்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிடுவார். எட்டு மாதமாக வேலையில்லை. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்லும் கம்பெனி ஒன்று இப்போது கூப்பிட்டிருந்தது. இடையில் யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று தன் செல்போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, வைஃபைய சேத்து வைக்கிற சர்வீஸ் புரோகிராம் ரெண்டு இருந்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு இழுக்குதுன்னு ஸ்கிரீன்லயே போட்டிருக்கே. பழசு ஒண்ணு, போன மாசம் நீங்க ஏத்தினது ஒண்ணு. ஆன் பண்ணதும் இது சேத்து வைக்குது, அது பிரிச்சு விடுது. ஒண்ண நிறுத்துங்க, சரியாயிடும்."

"உனக்கென்ன தெரியும்? ரெண்டு இருந்தா டபுள் பாதுகாப்பு."

"அந்தப் பாதுகாப்புதான் உங்களையே உள்ள விடமாட்டேங்குதே!"

"நீ மொதல்ல அந்தப் பக்கம் போ."

போனாள்.

அவர் மூன்றாவதாக ஒரு புரோகிராம் எழுதினார். இணைப்பு விழுந்தால் தூக்கி நிறுத்துவது அதன் வேலை. லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டார். இப்போது மூன்றும் மல்லுக்கு நின்றன.

"ஜன்னல் பக்கம் வெச்சுப் பாருங்களேன், மாப்பிள்ளை," என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனார்.

"மாமா, இது ரேடியோ இல்ல!"

சொன்னாரே தவிர, மாமனார் தலை மறுபடி பேப்பருக்குள் மறைந்ததும் லேப்டாப்பை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கேயும் அதே கூத்து. மணி பத்து இருபது. வந்த ஆத்திரத்தில் மூன்றையும் அழித்தார். சண்டை ஓய்ந்தது, வைஃபையும் ஓய்ந்தது. திரும்பப் போடலாமென்றால், 'முதலில் இணையத்தில் இணையவும்' என்றது லேப்டாப்.

உள் அறையில் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பெரிய கோளாறெல்லாம் இல்லங்க... மெதுவா சொல்றேன் கேளுங்க..."

"என் மானத்த உங்க அக்காகிட்ட ஏலம் போடாத! இங்க வேலையே போகுது!" என்று கத்தினார்.

கதவு சாத்திக்கொண்டது.

எட்டு மாதமும் நெஞ்சில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. மேஜை இழுப்பறையைக் குடைந்து, லினக்ஸ் இருந்த பென் டிரைவை எடுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பழைய சர்வீஸை மட்டும் போட்டார். வைஃபை வந்தது. வந்தது நின்றது.

பத்து நாற்பத்தேழுக்குத் திரையில் கம்பெனி அறை தெரிந்தது. நாற்காலிகள் காலி. ஒரு பெண் மட்டும் மேஜையிலிருந்த காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம்! சின்ன டெக்னிக்கல் தடங்கல். என் பக்கம் தப்பு எதுவும் இல்ல. ஆரம்பிக்கலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சு சார். நீங்க வரலன்னு ஃபார்ம்ல இருந்த இன்னொரு நம்பருக்குப் போட்டோம். எடுத்த அம்மா, என்ன கோளாறு, எப்படிச் சரி பண்ணணும்னு எங்க முதலாளிக்கே புரியுற மாதிரி சொன்னாங்க, அவங்களையே வேலைக்கு எடுத்தாச்சு."