சடைச்சியின் முறைக்குப் பத்து மரம்

ஒரு காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். தன் மனைவி சடைச்சியை அவன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் முழங்கால் உயரமுள்ள ஒரு வேப்பங்கன்றின் நிழலில் படுத்திருந்தாள். நிழல் அவள் மூக்குக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. அந்தக் கன்று வளர்ந்து மரமாகி, மரங்கொத்தி அதில் அவள் பெயரைக் கொத்தினால் அவளுக்குத் தண்ணீர் கிடைக்கும். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

சிரிக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு குட்டை. யார் எப்போது குடிப்பது என்ற பட்டியல் முன்பு நரியிடம் இருந்தது. நரி வேண்டியவர் பெயரை மேலே ஏற்றும், வேண்டாதவர் பெயரை அழிக்கும். ஒரு நாள் எங்கிருந்தோ ஓர் எறும்புத்தின்னி வந்தது. "எவரையும் நம்பாதீர்கள்" என்றது. பத்து மரங்கொத்திகள் பத்து மரங்களில் தனித்தனியே பட்டியலைக் கொத்த வேண்டும். பத்திலும் பெயர் இருந்தால்தான் முறை செல்லும். ஒரு மரத்தில் அழித்தால் மற்ற ஒன்பதும் காட்டிக்கொடுத்துவிடும். குட்டைக்கு இறங்கும் வழியில் எருமையை நிறுத்தி, "மரத்தைப் பார், முகத்தைப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு எறும்புத்தின்னி போய்விட்டது. பிறகு யாரும் அதைக் கண்டதில்லை. பட்டணத்தில் இதைப் பிளாக்செயின் என்கிறார்கள். காட்டில் இதற்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை.

நல்ல ஏற்பாடுதான். நரிக்கு வேலை போயிற்று. அன்று முதலில் கை தட்டியவனே கூரன்தான்.

பிறகு கோடை வந்தது. பெயர்கள் பெருகின. பத்தாவது மரம் வரை கொத்தி முடிக்க எட்டு நாள் ஆனது. சடைச்சிக்குக் காய்ச்சல். எட்டு நாள் தாங்கமாட்டாள். கூரன் சபையைக் கூட்டினான்.

"பத்து மரம் வேண்டாம், மூணு போதும்னு மாத்துங்க. மூணு மரத்தையும் ஒண்ணா ஏமாத்த யாரால முடியும்?"

"மாத்தலாம்," என்றது தலைமை மரங்கொத்தி. "ஆனா அதை நாங்கதான் முடிவு செய்யணும். அலகு தேயறது எங்களுக்கு."

"கொத்துறது என்னன்னே உங்களுக்குத் தெரியாது," என்றது தூக்கணாங்குருவி. "குறியெல்லாம் வகுத்துக் கொடுத்தது நாங்க. பின்னத் தெரிஞ்சவங்கதான் பின்னலைப் பிரிக்கணும்."

யானை தும்பிக்கையை ஆட்டியது. "மரத்துல யார் பேர் அதிகம்? என் பேர். நானூறு முறை சேர்த்து வெச்சிருக்கேன். நான் சொல்றதுதான் எடுபடணும்."

"நீங்க இந்தக் குட்டையில குடிக்கிறதே இல்லையே, பெரியவரே," என்றான் கூரன்.

"குடிக்க ஆத்துக்குப் போயிடுவேன். இது சேமிப்பு."

உண்மைதான். மரங்கொத்திகளுக்குப் பட்டைக்குள் இருக்கும் புழுவே போதும். குருவி பக்கத்துக் காட்டில் குடித்துவிட்டுத்தான் சபைக்கு வந்திருந்தது. பின்வரிசையில் ஒரு முயல் எழுந்து, "இங்க குடிக்கிறவங்க நாங்க, எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றது.

"இந்தக் காட்டுல தலைவர்னு யாரும் கிடையாது. உட்காரு!" என்று யானை அதட்டியது. முயல் உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் சபை உடைந்தது. ஐந்து மரங்கள் மூன்று போதும் என்ற பக்கம் போயின. ஐந்து மரங்கள் பத்தே வேண்டும் என்ற பக்கம் நின்றன. பழைய பெயர்கள் இரண்டு பக்கத்திலும் அப்படியே இருந்தன. "எனக்கு இப்போ எண்ணூறு முறை!" என்று யானை பிளிறியது. காடே கொண்டாடியது. எல்லாருக்கும் எல்லாம் இரண்டாகிவிட்டது. குட்டை மட்டும் ஒன்றாகவே இருந்தது.

புதுப் பக்கத்தில் சடைச்சியின் பெயர் அன்றே மூன்று மரத்தில் ஏறியது. கூரன் அவளைத் தாங்கிப் பிடித்து எருமையிடம் கூட்டிப்போனான்.

"மூணு மரம் ஆச்சுண்ணே."

"பார்த்தேன். ஆனா எனக்குப் பத்துன்னுதானே சொல்லியிருக்கு? ரெண்டு பக்கமும் ஒத்துக்கட்டும், விடறேன்."

"அவளைக் கொஞ்சம் பாருங்கண்ணே."

"முகத்தைப் பார்க்கக் கூடாது, தம்பி."

எருமை கெட்டவன் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னான்.

பழைய பக்கத்தில் வேறு சிக்கல். பத்து மரம் வேண்டும் என்றவர்களிடம் ஐந்து மரம்தான் இருந்தது. அதற்காகக் கொள்கையை விட முடியுமா? ஐந்து வேப்பங்கன்று நட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க. வளர்ந்ததும் முதல் கொத்து வீட்டம்மா பேருக்குத்தான்" என்று தலைமை மரங்கொத்தி மரியாதையாகச் சொன்னது.

யானை, பிரிவதற்கு முன்பே பத்து மரத்திலும் ஏறியிருந்த தன் நானூறில் ஒரு முறையைச் செலவழித்து, குட்டையிலிருந்து தும்பிக்கை நிறைய மொண்டு வந்து கன்றுகளுக்கு ஊற்றியது.

"அதுல ஒரு வாய் இவளுக்கு ஊத்துங்க, பெரியவரே."

"கொடுக்கலாம். என் முறையை அவ பேருக்கு மாத்தணும். மாத்த பத்து மரம் வேணும்."

யானை போனதும் கூரன் குனிந்து அவள் காதில் சொன்னான். "மண்ணு ஈரமா இருக்கு. நக்கிக்கோ. யாரும் பார்க்கலை."

"வேண்டாங்க. திருடின்னு மரத்துல கொத்திடுவாங்க. அப்புறம் அது அழியவே அழியாது."

"சரி, இரு. கிழங்கு ஏதாவது தோண்டிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க. கன்னு வளர்றதை நான் பார்த்துக்கிறேன்," என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

கிழங்கோடு அவன் திரும்பி வந்தபோது கன்றின் நிழல் அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் இந்தப் பக்கமே கிடந்தாள்.

சபையின் இரு பக்கமும் ஒன்றுகூடி இரங்கல் தீர்மானம் போட்டன. கருத்து வேறுபாடு இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அந்தக் காட்டில் அது ஒன்றுதான்.

கன்றுகள் மரமாக ஏழு வருடம் ஆயிற்று. மரங்கொத்தி சொன்ன சொல் தவறவில்லை. முதல் கொத்து சடைச்சிக்குத்தான். இப்போது அவள் பெயர் பத்து மரத்திலும் இருக்கிறது. எருமை வழியை விட்டு ஒதுங்கி நிற்கிறான். குட்டையில் வெடித்த சேறு இருக்கிறது.

நீதி: தண்ணீரைப் பற்றிய முடிவுகளைத் தாகம் இல்லாதவர்களிடமே விட்டுவிடுங்கள். அவர்களால்தான் நிதானமாகப் பேச முடியும்.