சிறந்த பயணியின் இரண்டு வார்த்தை

இது நடந்தது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. கோட்டு கறுப்பு என்று ஒருவர் சொல்கிறார். கருநீலம் என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார். நான் பார்த்ததும் பிறர் சொல்லக் கேட்டதும் இத்தனை வருடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ரயில் நிலைய வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிறும், அதற்கு இந்தப் பக்கம் நின்ற தையல்காரரின் முகமும் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

"இன்னிக்குப் பயணிங்க யாரும் உள்ள போகக் கூடாது," என்றார் கயிற்றருகே நின்ற காவலர்.

"ஏங்க?"

"பயணிகள் விழா நடக்குதில்ல!"

பயணிகள் ரயில் வாரத்தின் கடைசி நாள் அது. 'ரயிலில் போவோம், ரயிலிலேயே போவோம்' என்று ஆறு நாட்களாக ஒலிபெருக்கி ஊரைத் தூங்கவிடவில்லை. நிறைவு விழாவை முதல் நடைமேடையிலேயே வைத்துவிட்டார்கள். ஒரு முனையில் மேடை. மீதி நீளம் முழுக்க நாற்காலிகள்.

தையல்காரர் வாதாடுகிறவர் இல்லை. வேலை நேரத்தில் பாதி, உதட்டில் குண்டூசி இருக்கும்; மீதி நேரமும் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். மனைவியின் வீட்டார் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியும் அந்த வீட்டில் யாரும் அவர் பக்கம் திரும்பிப் பேசியதில்லை. பேசினாலும் பதில் வராது என்பது வேறு விஷயம்.

இன்று அதற்கு ஒரு முடிவு வருவதாக இருந்தது. அவர் கையில், துணி உறைக்குள், மைத்துனனின் கல்யாணக் கோட்டு இருந்தது. அடுத்த ஊரில் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். ஒன்பது இருபது வண்டியைப் பிடித்தால் ஒரு மணி நேரம். மனைவி முந்தின நாளே போய்விட்டாள். போகும்போது, "நீங்க வாயத் திறக்க வேணாம். அந்தக் கோட்டு பேசட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸில் நெரிசலில் கசங்கிவிடும் என்றுதான் அவர் ரயிலுக்கு வந்தார்.

டிக்கெட் கவுன்டருக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. அதில் ஒரு காகிதம்: 'பயணிகளைக் கௌரவிக்கும் பொருட்டு இன்று பயணச்சீட்டு வழங்கப்படமாட்டாது.'

தையல்காரர் அதை இரண்டு முறை படித்தார். திரும்பவும் கயிற்றுக்கு வந்தார்.

"நான் இந்தக் கோட்டைக் கொண்டு போய்க் குடுக்கணும்," என்றார். அது உண்மை. காவலர் முகம் மாறியது.

"யாருக்கு? சிறப்பு விருந்தினருக்கா?"

தையல்காரர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யைச் சொல்லக்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். கயிறு உயர்ந்தது.

உள்ளே நுழைந்தவரை, மார்பில் பெரிய பூச்செண்டு பேட்ஜ் குத்தியிருந்த விழாச் செயலாளர் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"கோட்டா? அய்யோ, நல்ல நேரத்துல வந்தீங்க! விருந்தினர் வெறும் சட்டையோட வந்து நிக்கறாரு. போட்டோவுல நல்லாவே இருக்காதுன்னு இப்பதான் புலம்பிட்டிருந்தோம்."

"இல்லீங்க, இது வந்து..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

உறை போன இடம் தெரியவில்லை. மைத்துனன் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள். விருந்தினர் அப்படியில்லை. அவர் வலது கையை நுழைத்தபோது தையல்காரருக்கு மூச்சு நின்றது. இடது கையை நுழைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது, இரவெல்லாம் கண் விழித்துக் காஜா எடுத்துத் தைத்த நடுப் பொத்தான் விருந்தினரின் வயிற்றின் மேல் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது.

"அளவு கச்சிதம்," என்றார் செயலாளர்.

தையல்காரர் அவர் கையைப் பிடித்தார். "ஐயா, அது கல்யாணக் கோட்டு. பன்னெண்டு மணிக்கு மாப்பிள்ளை போடணும். கழட்டிக் குடுத்திடுங்க. என் வண்டி வேற..."

செயலாளர் யோசித்தார். "மேடையில உக்காந்தாச்சு. இனிமே எப்படிக் கழட்டச் சொல்றது? நீங்க ஒண்ணு பண்ணுங்க. சிறந்த பயணி விருது வாங்க வேண்டியவர் இன்னும் வந்து சேரல. அவர் நாற்காலி காலியா இருக்கு. நீங்க உக்காருங்க. விருதை வாங்குங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க. விழா முடிஞ்சதும் கோட்டை நானே கழட்டித் தர்றேன்."

"அவர் ஏன் வரல?"

"ஒன்பது இருபது வண்டியிலதான் வர்றாரு."

"அது எப்ப வரும்?"

"வரும், வரும்," என்று செயலாளர் வேறு பக்கம் பார்த்தார்.

ஆக, பயணச்சீட்டு இல்லாத தையல்காரர் சிறந்த பயணியாக மேடையேறினார். உட்கார்ந்ததும் கைப்பேசி அதிர்ந்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"மேடையில."

"எந்த மேடையில? இங்க மேடையில என் தம்பிதான் உக்காந்திருக்கான். கோட்டு எங்க?"

"அதுவும் மேடையிலதான் இருக்கு."

"என்னங்க உளர்றீங்க? எங்க பெரியப்பா இப்பவே ஆரம்பிச்சிட்டாரு, 'பூட்டு சாவியத் தேடிட்டிருக்குமோ'ன்னு. எனக்கு மானம் போகுது."

"வந்துடறேன்."

"கசங்காம வரணும்!"

அவர் ஓரக்கண்ணால் கோட்டைப் பார்த்தார்.

வரவேற்புரை, வாழ்த்துரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் ஆயின. ஒன்பது இருபது போனது. பத்தும் போனது. வண்டி வரவில்லை. தையல்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். பத்தரைக்கு வந்தாலும் பதினொன்றரைக்குப் போய்விடலாம். இஸ்திரிப் பெட்டி கிடைத்தால் சமாளிக்கலாம்.

விருந்தினர் பேச எழுந்தார். "நமது ரயில்கள்," என்று கையை உயர்த்தினார், "ஒரு நிமிடம்கூடத் தாமதமாவதில்லை!"

டர்ரென்று ஒரு சத்தம். அக்குள் தையல். கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. தையல்காரருக்கு அது தன் தோலே கிழிந்த சத்தமாகக் கேட்டது. விருந்தினர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசி அமர்ந்தார். மணி பத்தே கால். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளை ரயிலைத் தையல்காரர் கையில் கொடுத்தார்கள். செயலாளர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"ரெண்டே வார்த்தை."

தையல்காரர் ஒலிவாங்கியை வாங்கினார். பதினைந்து வருடம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றதோ என்னவோ.

"வண்டி எங்கய்யா?" என்றார்.

கைதட்டல் எழுந்தது.

"எதுக்குத் தட்டறீங்க? ஒன்பது இருபது வண்டி எங்க? பயணிகளுக்கு விழாவாம், பயணிய உள்ள விடமாட்டாங்களாம்! டிக்கெட் தர மாட்டாங்களாம்! கல்யாணம் பண்ணி வச்சிட்டுப் பொண்ண மட்டும் வீட்டுக்குள்ள விடாத மாதிரி இருக்கு!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. விருந்தினரும் தட்டினார், அதில் அடுத்த அக்குளும் போயிற்று. விருந்தினர் தட்டுவதால் செயலாளரும் தட்டினார். பேச்சை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

தையல்காரர் நிறுத்தவில்லை. தண்ணீர் வராத குழாயைப் பற்றிப் பேசினார். ஓடாத மின்விசிறியைப் பற்றிப் பேசினார். அங்கிருந்து எப்படியோ, தைக்கக் கொடுத்துவிட்டு ஒரு வருடமாக வாங்க வராதவர்களிடம் போனார். உடம்பு பெருத்ததற்குத் தையல்காரனைத் திட்டுகிறவர்களை ஒரு பிடி பிடித்தார். மாமனார் வீட்டுக்குத் தான் போனபோது வெற்று நாற்காலியைக்கூட யாரும் காட்டாததை, ஆள் பெயர் சொல்லாமல், ஆனால் உறவுமுறை சொல்லிப் பேசினார். நடுநடுவே வண்டிக்குத் திரும்பினார். சட்டைப்பையில் கைப்பேசி துடித்துத் துடித்து ஓய்ந்தது.

"ஒரு மனுஷன் நேரத்துக்குப் போனாத்தான்யா மரியாதை! என் மரியாதை இந்நேரம் தண்டவாளத்துல எங்கயோ நிக்குது. யாரால நிக்குது? எனக்கு அது தெரியணும்! வண்டிய நிறுத்தி வச்சிருக்கற அந்த ஆளை இந்த மேடையில கொண்டாந்து நிறுத்துங்க. அவன் மூஞ்சிய நான் பார்க்கணும்! அது வரைக்கும் நான் இறங்கப் போறதில்ல!"

கூட்டம் நாற்காலிகளை எல்லாம் தட்டியது.

அப்போது மேடையின் பின்படியில், கக்கத்தில் சிவப்புக் கொடியை இடுக்கிக்கொண்டிருந்த ரயில் கொடிக்காரர் தயங்கித் தயங்கி ஏறி வந்தார். தையல்காரரின் சட்டை நுனியை மெதுவாக இழுத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சத்தம் தொந்தரவா இருக்கும், கடைசி ஆள் பேசி முடிக்கற வரைக்கும் வண்டிய உள்ள விடாதேன்னு செயலாளர் உத்தரவு. மத்தவங்க எல்லாம் பத்தே காலுக்கே முடிச்சிட்டாங்க. இந்த ஒரு மணி நேரமா வண்டி உங்களுக்காகத்தான் வெளியில நிக்குது."

வண்டி பதினொன்று இருபதுக்கு உள்ளே வந்தது. அதிலிருந்து இறங்கிய உண்மையான சிறந்த பயணி, விருது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று கேட்டு அதே வண்டியில் மறுபடியும் ஏறிப் போய்விட்டார். மைத்துனன் வெள்ளைச் சட்டையோடு கல்யாணம் செய்துகொண்டான். இப்போது அவனுக்கு இரண்டு பெண்கள். கோட்டோடு கிளம்பிப் போன விருந்தினர் அதைத் துவைத்து அனுப்பிவைத்தார், சுருங்கிவிட்டது. மறுவருடம் பயணிகள் ரயில் வாரம் நடக்கவில்லை. செயலாளர் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு மாறிப் போனார். மனைவி பதினோரு நாள் பேசவில்லை. தையல்காரர் அதற்குப் பிறகு எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போகிறார்.